வான்கோழி வேட்டையில் வாய் ஊதல்: எதை வாங்குவது, எப்படிப் பழகுவது

வசந்த காலத்தில் வட அமெரிக்கக் காடுகளில் பொழுது விடியும்போது, வான்கோழிச் சேவல் மரக்கிளையில் இருந்தபடியே கத்தத் தொடங்கும். அந்தக் கத்தலுக்கு அங்கே "கோபிள்" என்று பெயர். காற்று இல்லாத காலையில் அரை மைலுக்கு அப்பாலும் கேட்கும். அது பெட்டைகளுக்கான அழைப்பு. குரல் கேட்டுப் பெட்டைதான் தேடிப் போகும். சேவல் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே வாலை விரித்துக்கொண்டு காத்திருக்கும். வேட்டைக்காரர் செய்யப் பார்ப்பது இந்த வழக்கத்தைத் தலைகீழாக்குவது. பெட்டையின் குரலில் கூப்பிட்டு, சேவலைத் தன்னிடம் நடந்துவர வைக்க வேண்டும். அதனால்தான் இந்த வேட்டைக்காரர்கள் கூடினால் துப்பாக்கியைவிடக் கூப்பிடும் கருவியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

அந்தக் கருவிகளில் பழகுவதற்குக் கஷ்டமானதும், பழகிவிட்டால் மிக அதிகம் கைகொடுப்பதும் வாய்க்குள் வைத்து ஊதும் சின்ன ஊதல். அமெரிக்கர்கள் இதை மவுத் கால் என்றும் டயஃப்ரம் என்றும் சொல்வார்கள். இங்கே வாய் ஊதல் என்றே வைத்துக்கொள்வோம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துவிட்டது. ஆகவே இது அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு, நண்பர் யாரோ கூப்பிட்டார் என்று முதல்முறை காட்டுக்குக் கிளம்பும் தமிழர்களுக்கு. சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

வாய் ஊதல்தான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. மரப்பெட்டியின் மூடியை உரசி ஒலியெழுப்பும் பாக்ஸ் கால் இருக்கிறது. அர்க்கன்சாஸைச் சேர்ந்த கிப்சன் என்பவரின் பெயரில் அதற்கு 1897-இல் காப்புரிமை வந்தது. இன்றைக்கும் ஏறக்குறைய அதே வடிவம்தான். சிலேட்டு அல்லது கண்ணாடி வட்டத்தின் மேல் குச்சியைத் தேய்க்கும் பாட் கால் இன்னொன்று. இரண்டையும் ஒரே மாலையில் ஓரளவுக்குப் பழகிவிடலாம். வாய் ஊதல் அப்படி வராது. பிறகு ஏன் அதற்காக இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்?

காரணம் வான்கோழியின் கண். அதற்கு மோப்பம் பெரிதாகக் கிடையாது; ஆனால் பார்வை அபாரம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே சுற்றிலும் முழுவதையும் பார்த்துவிடும். சேவல் 40 கஜ தூரத்துக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் சுடுவதற்கு ஏற்ற தூரமே அதுதான். உங்கள் துப்பாக்கி முழங்கால் மேல் தயாராக இருக்கிறது. சேவல் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது, இன்னும் இரண்டு அடி நகர வேண்டும். இப்போது பெட்டியை எடுத்து உரசினால் கை அசையும், அசைந்தால் சேவல் ஓடிவிடும். வாய்க்குள் ஊதல் இருந்தால், இமைகூட அசையாமல் மெல்ல ஒரு சத்தம் கொடுக்கலாம். அந்தச் சில விநாடிக்காகத்தான் அத்தனை பயிற்சியும். மழையில் நனைந்தால் கெட்டுப்போகாது, சட்டைப் பையில் நான்கு கொள்ளும், பத்துப் பதினைந்து டாலருக்குள் ஒன்று கிடைக்கும் என்பதெல்லாம் கூடுதல் வசதி.

உள்ளே என்ன இருக்கிறது

குதிரை லாட வடிவில் ஒரு சின்ன அலுமினியச் சட்டம். அதன் நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய லேடெக்ஸ் ரப்பர் சவ்வு. இதை ரீட் என்பார்கள். ஓர் ஊதலில் ஒன்று முதல் நான்கு ரீட்கள் வரை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சட்டத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு துணி டேப் ஒட்டியிருக்கும். மேலண்ணத்தோடு காற்று கசியாமல் ஒட்டிக்கொள்வது அதன் வேலை. அவ்வளவுதான் கருவி. இதே அமைப்புக்கு நியூ ஆர்லியன்ஸ்காரர் ஒருவர் 1867-இலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

பூவரச இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கிப் பீப்பி ஊதியவர்களுக்கு இதன் தத்துவம் உடனே பிடிபடும். நசுக்கிய நுனியில் காற்று நுழையும்போது இலை அதிர்கிறது. பல்லால் லேசாக அழுத்தினால் சத்தம் கீச்சென்று ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது. வாய் ஊதலில் ரப்பரின் கட்டப்படாத ஓரம்தான் அதிர்வது; அழுத்தம் கொடுப்பது உங்கள் நாக்கு. நாக்குக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் குறுகிய சந்து வழியாகக் காற்று போக வேண்டும். நாக்கை அழுத்தினால் சவ்வு இறுகி ஒலி உயரும். தாடையை இறக்கினால் நாக்கும் கூடவே இறங்கி ஒலி தாழும். வாய் ஊதலில் செய்யும் எல்லா வித்தையும் இந்த இரண்டு வாக்கியங்களின் விரிவாக்கம்தான்.

எதை வாங்குவது

கடைக்குப் போனால் சுவர் முழுக்கத் தொங்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள், பேய் படம், வௌவால் படம், ஊதல் போட்டியில் ஜெயித்தவரின் புகைப்படம். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை ரீட், எவ்வளவு தடிமன், எப்படி வெட்டியிருக்கிறது.

ரீட் கூடக்கூட அவற்றை அதிரவைக்க அதிகக் காற்று வேண்டும், அதிகக் கட்டுப்பாடும் வேண்டும். ஒலியில் கரகரப்பும் சேரும். வயதான பெட்டையின் குரலில் அந்தக் கரகரப்பு இருக்கும் என்பதால் அனுபவசாலிகள் மூன்று ரீட்டை விரும்புவார்கள். புதியவர் அதைப் பார்த்து அதையே வாங்கி, ஒரு வாரம் முகம் சிவக்க ஊதிவிட்டு, "எனக்கு இது வராது" என்று தூக்கிப் போட்டுவிடுவார். இதுதான் மிகச் சாதாரணமாக நடப்பது. ஒற்றை ரீட் மிக லேசாக ஒலிக்கும், ஆனால் மெலிதாகவே இருக்கும். இரண்டு ரீட் உள்ளதில் தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். காற்று அதிகம் கேட்காது, பெட்டையின் முக்கிய ஒலிகளான யெல்ப், க்ளக், பர் எல்லாமே அதில் வரும். பல வருடம் வேட்டையாடியவர்கள்கூட அதிலேயே நின்றுவிடுவது உண்டு.

ரப்பரின் தடிமன் அங்குலக் கணக்கில் 0.003, 0.004 என்று போட்டிருக்கும். சில அட்டைகளில் எண்ணே இருக்காது. மெல்லியது சட்டென்று அதிரும், மென்மையாகக் கூப்பிட நல்லது; தடித்தது உரத்து ஒலிக்கும், நீடித்து உழைக்கும். ஆரம்பத்தில் மெல்லியதே போதும்.

வெட்டு என்பது மேல் ரீட்டின் ஓரத்தில் கத்தரியால் போட்டிருக்கும் வடிவம். வெட்டிய துண்டுகள் தனியாக அதிர்வதால்தான் கரகரப்பு வருகிறது. நடுவில் ஆங்கில வி எழுத்துப் போல வெட்டியது ஸ்பிளிட் வி. இரு பக்கமும் வெட்டி, நடுவில் வௌவால் இறக்கை விரித்தாற்போல் விட்டிருந்தால் பேட்விங். ஒரு பக்கம் மட்டும் வெட்டி மறுபக்கத்தை முழுசாக விட்டால் காம்போ கட்; நாக்கை எந்தப் பக்கம் அழுத்துகிறோமோ அதற்குத் தக்கபடி தெளிவாகவும் ஒலிக்கும், கரகரப்பாகவும் ஒலிக்கும். கோஸ்ட் கட் என்று ஒன்று உண்டு. அதற்குக் காற்று மிகக் கொஞ்சம் போதும், அதனால் புதியவர்களுக்குப் பெரும்பாலும் இதையே கையில் கொடுப்பார்கள். வெட்டே இல்லாத இரண்டு ரீட் ஒன்று, கோஸ்ட் கட் போட்ட இரண்டு ரீட் ஒன்று, இந்த ஜோடி போதும். மூன்று வகையை ஒரே பாக்கெட்டில் போட்டு விற்பார்கள். அதிலும் இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் வாங்கலாம். பிரைமோஸ், உட்ஹேவன் என்று கம்பெனிப் பெயர்கள் நிறைய. எந்தப் பெயர் என்பதைவிட உங்கள் வாய்க்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. பலூன் ஊதினால் உதடு வீங்கும், ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும் என்பவர்கள் லேடெக்ஸ் இல்லாத ரகம் கிடைக்கிறதா என்று கேளுங்கள், அல்லது பாட் காலுக்குப் போய்விடுங்கள். மேல் வரிசை முழுக்கக் கட்டுப்பல் வைத்தவர்களுக்கும் இது சரிப்படுவது கடினம்.

வாயில் பொருத்துவது

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான், ஊதுவதில் அல்ல. ஒவ்வொருவரின் மேலண்ணமும் ஒரு அளவு. சட்டம் பெரிதாக இருந்தால் டேப் தொண்டைப் பக்கம் போய்க் குமட்டும். சிறிதாக இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். குமட்டினால் டேப்பின் ஓரத்தைச் சின்னக் கத்தரியால் நூலளவு வெட்டுங்கள். மறுபடி வைத்துப் பாருங்கள். பிறகு இன்னும் நூலளவு. ஒரேயடியாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. சட்டம் வரைக்கும் வெட்டிவிட்டால் ஊதலே பாழ். அண்ணம் குறுகலாகவும் உயரமாகவும் இருப்பவர்கள் சிறிய சட்டம் கேட்டு வாங்குவது நல்லது. சிறுவர்களுக்கென்று விற்கும் அளவே பல பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அலுமினியச் சட்டத்தை மெதுவாக வளைத்து அண்ணத்தின் வளைவுக்குக் கொண்டுவரவும் முடியும். ஆனால் ரீட் சுருங்குகிற அளவுக்கு மடக்கிவிடாதீர்கள்.

லாடத்தின் திறந்த பக்கம் முன்பற்களை நோக்கி இருக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்று அட்டையில் போட்டிருக்கும். பொதுவாகக் குட்டையான ரீட் கீழே வரும். எச்சிலில் ஒரு நிமிடம் நனையவிட்டு, நாக்கால் மேலே தள்ளி, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் வரை அழுத்துங்கள். முன்பற்களுக்குப் பின்னால் கொஞ்சம் இடம்விட்டு உட்கார வேண்டும்.

வைத்தவுடனே ஊதாதீர்கள். முதல் சில நாட்கள் வீட்டு வேலை செய்யும்போதும் கார் ஓட்டும்போதும் சும்மா வாயில் வைத்துக்கொண்டிருங்கள். எச்சில் ஊறும், நாக்கு கூசும். வாயில் வேற்றுப் பொருள் இருப்பது பழகப்பழக இரண்டும் அடங்கிவிடும். அந்தக் கூச்சம் போகாமல் ஊதத் தொடங்கினால் ரீட் அதிரும்போதெல்லாம் நாக்கு தானாகப் பின்வாங்கும். அப்புறம் எங்கே சத்தம் வருவது.

முதல் சத்தம்

கன்னத்தை உப்பவைத்து ஊதுவது இங்கே உதவாது. காற்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். வயிற்றில் கை வைத்து "ஹா" என்று குறுகலாக விட்டுப் பாருங்கள், வயிறு உள்ளே போவது தெரியும். அதுதான் வேண்டிய காற்று.

இப்போது நாக்கின் நடுப்பகுதியை ரீட்டில் லேசாகப் பொருத்தி, யாரையோ அடக்குவதுபோல "உஷ்ஷ்ஷ்" என்று காற்றை விடுங்கள். வெறும் காற்று மட்டும் போனால் நாக்கு இன்னும் கொஞ்சம் மேலே வர வேண்டும். ஒன்றுமே போகாமல் அடைத்தால் அழுத்தம் அதிகம், தளர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு புள்ளியில் கீச்சென்று ஓர் ஒலி கிளம்பும். அழகாக இருக்காது, வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்துவார்கள். பரவாயில்லை. அந்த ஒலியை மூன்று நான்கு விநாடி ஆடாமல் அசையாமல் பிடித்துவைக்கப் பழகுங்கள். அது நிலைத்த பிறகுதான் அடுத்த வேலை.

ஒலி நிலைத்ததா? அதே மூச்சில், ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே தாடையை இறக்குங்கள். உச்சியில் இருந்த குரல் சரிந்து தடித்த, தாழ்ந்த குரலாக மாறும். மெதுவாக இறக்குங்கள், மறுபடி ஏற்றுங்கள். மேலே தெளிவு, கீழே கரகரப்பு. இந்த இரண்டு ஒலியும் சேர்ந்ததுதான் வான்கோழிப் பெட்டையின் பேச்சு. சரிவை மெல்ல மெல்லச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு நீண்ட "சீ...யா...க்" போகப்போக "சீயாக்" ஆகி, கடைசியில் "கியாக்" என்று ஒரே எட்டில் வந்து நிற்கும். யெல்ப் என்பது இதுதான்.

யெல்ப் வந்தால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று

பெட்டை தன் இருப்பைத் தெரிவிக்கவும், மற்றவற்றைத் தேடவும், சேவலுக்குப் பதில் சொல்லவும் யெல்ப்தான் கொடுக்கும். ஐந்தாறு "கியாக்" வரிசையாக வரும், எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கலாம். புதியவர்கள் ஒவ்வொரு கியாக்கும் எவ்வளவு நிஜம்போல் இருக்கிறது என்பதிலேயே மூழ்கிவிடுவார்கள். என் கணிப்பில் குரலைவிடத் தாளம் முக்கியம். காட்டில் பெட்டைகளின் குரல் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று கீச்சிடும், ஒன்று உடைந்த தொண்டையோடு கத்தும், இதெல்லாம் ஒரு பெட்டையா என்று தோன்றுகிற மாதிரியும் கேட்கும். ஊதல் போட்டி மேடையில் நிஜப் பெட்டை ஏறினால் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் தாளம் அப்படி மாறுவதில்லை. ஒலிகளின் இடைவெளி சீராக இருக்கும், வரிசை தொடங்கும் விதமும் அடங்கும் விதமும் கேட்டதுமே தெரியும்.

தாளம் தப்பினால் அர்த்தமே மாறிவிடும் என்பதற்கு ஓர் உதாரணம்: சேவலும் யெல்ப் கொடுக்கும். அது தடித்த குரலில், மெதுவாக, பெரும்பாலும் மூன்றே மூன்றாக வரும். பெட்டை என்று நினைத்து நீங்கள் நிதானமாக இழுத்து இழுத்து மூன்று கொடுத்தால், கேட்கும் சேவலுக்கு அங்கே இன்னொரு சேவல் நிற்பதாகத் தோன்றலாம்.

ஆகவே கேட்பதுதான் முதல் பாடம். கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகத்தின் மெக்காலே ஒலி நூலகத்தில் காட்டு வான்கோழிகளின் பதிவுகள் இலவசமாகவே கேட்கக் கிடைக்கின்றன. வேட்டைக்காரர்கள் ஊதிக் காட்டும் வீடியோக்களைவிட இவை மேல்; ஏனென்றால் ஊதுபவர் தன் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்துவிடுவார். ஒரு பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முதலில் வாயால் தாளத்தைச் சொல்லுங்கள், தொடையில் தட்டுங்கள். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய சிரமமே இல்லை. அப்புறம் ஊதலில் கொண்டுவாருங்கள். கைபேசியில் பதிவு செய்து, சில அடி தள்ளி வைத்துக் கேளுங்கள். வாய்க்குள் எழும் ஒலி மண்டைக்குள்ளேயே அதிர்வதால், நமக்குக் கேட்பது வேறு, வெளியே போவது வேறு.

மற்ற ஒலிகளில் முதலில் வேண்டியது க்ளக். ஒற்றைத் துண்டு ஒலி. உதட்டை மூடிவைத்து, காற்றை அழுத்திச் சட்டென்று "பக்" என்று விட்டால் வரும். மேயும்போது பெட்டை இதை மெல்லச் சொல்லிக்கொண்டே இருக்கும். "இங்கேதான் இருக்கிறேன்" என்பது போல. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. க்ளக்கை உரக்கவும் கூர்மையாகவும் கொடுத்தால் அது "பட்" என்ற ஆபத்து ஒலியாகிவிடும். அதைக் கேட்டதும் கூட்டமே கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு ஓடும். எனவே க்ளக் எப்போதும் மெதுவாக, சோம்பலாக.

பர் என்பது திருப்தியாக மேயும்போது எழும் மெல்லிய அதிர்வொலி. உதட்டைப் படபடவென்று அடித்துக்கொண்டே காற்றை விட்டால் சிலருக்கு வரும். தொண்டையில் கொப்பளிப்பதுபோல் செய்தால் வேறு சிலருக்கு வரும். இரண்டு வழியிலும் வராதவர்களும் உண்டு. அவர்கள் பாட் காலில் பர் செய்துகொண்டு, வாய் ஊதலில் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள். இதற்காக வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம். கட்டிங் என்பது கிளர்ச்சியடைந்த பெட்டையின் வேகமான, ஒழுங்கில்லாத க்ளக் மழை. க்ளக் கைவந்தால் இது தானே வந்துவிடும். இலையுதிர் காலத்தில் கூட்டத்தைத் தவறவிட்ட குஞ்சுகளின் சீழ்க்கை போன்ற கீ-கீ, மரத்திலிருந்து இறங்கும்போது கொடுக்கும் கேக்கிள் எல்லாம் பின்னால் பார்க்கலாம்.

தடுமாறும் இடங்கள்

ஒரு பக்கம் மட்டும் காற்று கசிந்து இரைகிறது என்றால் டேப் சரியாக ஒட்டவில்லை. ஊதலைச் சற்று முன்னே பின்னே நகர்த்துங்கள், இல்லையென்றால் சட்டத்தின் வளைவைப் பாருங்கள். உச்ச ஒலி மட்டும் வருகிறது, கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது என்றால் தாடை அசையவில்லை என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் நின்று ஊதுங்கள். ஒவ்வொரு யெல்ப்புக்கும் முகவாய் இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நேற்றுவரை ஒலித்தது இன்று ஊமையாகிவிட்டதா? ரீட்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பல்குத்தும் குச்சியால் மெதுவாகப் பிரித்துவிட்டு மறுபடி நனையுங்கள். தலை சுற்றினால் அதிகமாக ஊதுகிறீர்கள். நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அது நல்ல பலன் தரும்.

காட்டில்

ஃபுளோரிடாவின் தென்பகுதியில் சீசன் மார்ச் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். வடக்கே போகப்போக ஏப்ரல், மே. வசந்த வேட்டையில் பெரும்பாலான மாநிலங்களில் மார்பில் தாடிபோல் முடி தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம், அதாவது அநேகமாகச் சேவலை மட்டும். பெட்டைகள் அடைகாக்கும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. பென்சில்வேனியா போன்ற இடங்களில் சீசனின் முற்பகுதியில் நண்பகலோடு நிறுத்திவிட வேண்டும். பதிவுசெய்த ஒலியை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடுவதற்கு அநேக மாநிலங்களில் அனுமதி இல்லை. ஊதக் கற்றுக்கொள்ளாமல் கைபேசியை வைத்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கு பலிக்காது. உரிமம், தேதி, நேரம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்த வருட விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடு அழிந்ததாலும் கணக்குவழக்கில்லாத வேட்டையாலும் பல மாநிலங்களில் காட்டு வான்கோழியே இல்லாமல் போயிற்று. வெடியால் பாய்ந்து விரியும் வலை வீசி உயிரோடு பிடித்து, இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டு, பல பத்தாண்டுகள் பாடுபட்டு மீட்டார்கள். வேட்டை உரிமத்துக்கும் துப்பாக்கி, தோட்டாக்களுக்கும் கட்டிய பணம்தான் அதற்குப் பெரிதும் உதவியது. 1973-இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு உருவானதும் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

சரி, காட்டில் எப்படிக் கூப்பிடுவது? இருட்டு விலகும் நேரத்தில் சேவல் மரத்தில் இருக்கும்போது மிக மெல்லிய யெல்ப் இரண்டோ மூன்றோ போதும். அது இறங்கிய பிறகு கொஞ்சம் தெளிவாக ஒரு வரிசை. பதில் வந்தால் உடனே பத்துத் தடவை கத்தத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் கஷ்டம். தொடர்ந்து கூப்பிட்டால், "பெட்டை தானாக வந்துகொண்டிருக்கிறது" என்று சேவல் நின்ற இடத்திலேயே வாலை விரித்துக்கொண்டு நின்றுவிடும். அதன் வழக்கப்படி பெட்டைதானே நடந்து வர வேண்டும்? நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அதற்குச் சந்தேகம் வரும், தேடி வரும். நெருங்க நெருங்க ஒலியைக் குறையுங்கள். கடைசி நூறு கஜத்தில் அவ்வப்போது ஒரு க்ளக், ஒரு பர், கூடவே கையால் சருகை லேசாகக் கிளறும் சத்தம், அவ்வளவே. கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கையும் அசையக் கூடாது. அது தலை தூக்கி நிற்க வேண்டிய தருணத்துக்கென்று ஒரே ஒரு க்ளக்கை மிச்சம் வைத்திருங்கள்.

நீங்கள் நன்றாக ஊதத் தொடங்கினால் ஏமாறுவது சேவல் மட்டும் அல்ல, இன்னொரு வேட்டைக்காரரும்தான். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, கைக்குட்டைகூட. சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். பொதுக் காட்டில் கோபிள் சத்தத்தைப் போலச் செய்யாதீர்கள். வான்கோழிச் சத்தம் கேட்ட திசையில் பதுங்கிப் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பது ஊதல் வைத்த ஒரு மனிதராக இருக்கலாம். வேறு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல், ஊதலில் பதில் கொடுக்காமல், வாய்விட்டுச் சத்தமாகப் பேசுங்கள்.

பராமரிப்பு

லேடெக்ஸுக்கு எதிரி வெயிலும் சூடும். காரின் டாஷ்போர்டில் போட்டுவிட்டுப் போனால் ஒரே மதியத்தில் வீணாகிவிடும். பயன்படுத்தியதும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, உதறி, ரீட்களுக்கு நடுவே ஒரு பல்குச்சியைச் செருகி நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் காற்றோட்டமுள்ள சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் மற்றவர்களிடம் அது என்ன என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ரீட்டின் ஓரம் சுருண்டிருந்தால், நெளிந்திருந்தால், வெட்டு கிழிந்து நீண்டிருந்தால் அதன் காலம் முடிந்தது. நன்றாக வைத்திருந்தால் ஒரு சீசன் ஓடும். புதிதாக வாங்கும்போது அதே மாடலையே வாங்கினாலும் ஒலி அச்சாக அப்படியே இருக்காது, அதன் நாக்கழுத்தத்துக்குச் சில நாள் பழக வேண்டியிருக்கும். அதனால் மார்ச் சீசனுக்கு ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள்.